‘தெரியாது’ன்னு சொன்ன ஆபீசர்

போன மாசம் நம்ம கவர்மெண்ட்டு சேதி ஆபீசுக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி ஒருத்தர் என் வீட்டைத் தேடி வந்தாரு. பேண்ட், சட்டை, பையில பேனா, எல்லாம் சரியா இருந்துச்சு. மூஞ்சி மட்டும் சரியில்ல. “அண்ணே, ஒரு ஊருக்குப் போயி, இந்த வருசமும் உங்களுக்குக் குடிதண்ணிக் குழாய் வராதுன்னு சொல்லணும். அடி வாங்காம எப்படிச் சொல்றது?”ன்னாரு. “அடி வாங்காமச் சொல்லணுமா, புரியாமச் சொல்லணுமா?”ன்னு கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானேண்ணே”ன்னாரு. தம்பி பொழச்சுக்குவாரு.

அவருக்கு அன்னைக்கு நான் சொன்ன கதையத்தான் இப்ப ஆபீஸ் மலர்ல போடணும்னு கேக்காக. நான் எழுதல, எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மா எழுதுதாக. எங்கயாவது நல்ல தமிழ் வந்திருந்தா அது அந்தம்மா செஞ்ச தப்பு.

பள்ளிக்கூடத்துக்கு நான் போகாம இல்ல. போனேன். வாத்தியாரு கொஞ்ச நாளு என்னைப் பொறுத்துப் பாத்தாரு. பொறவு எங்கய்யாவக் கூப்பிட்டு, “இவனுக்கு மண்டையில ஒண்ணுமில்ல, தொண்டையில நெறைய இருக்கு”ன்னு சொல்லி ஒப்படைச்சிட்டாரு. ராஜபாளையத்துல மில்லு கேட்டுக்கு வெளிய சுண்டல் வித்தேன். சங்கு ஊதும்போது நான் கூவினா, சங்கு ஊதுனது கேக்கலன்னு மில்லுக்காரக சத்தம் போடுவாக. எங்க ஊருல இருந்து வெளியூருல பேரு வாங்குனது ரெண்டே ரெண்டு. ஒண்ணு எங்க ஊரு நாயி, இன்னொண்ணு நான். ரெண்டுக்கும் கொரைப்புதான் மொதலு.

அப்பத்தான் ரெண்டாவது உலகச் சண்டை வந்துச்சு. ஊரு ஊராப் போயி சண்டைச் சேதி சொல்றதுக்குன்னு கவர்மெண்ட்டு ஒரு பிரச்சார வேன் அனுப்பிச்சு. வேனுக்கு மேல குழாய் ஸ்பீக்கர், உள்ள ரேடியோ, கிராமபோன், பெரிய பேட்டரி. அதுல எடுபிடி வேலைக்கு ஆள் தேடினாக. ஸ்பீக்கர் ரிப்பேரானாலும் வேலை நிக்கக்கூடாதுன்னு என்னை எடுத்துக்கிட்டாக. அதுல இருந்து எனக்குக் குழாய் மாடசாமின்னு பேரு. டிரெயினிங் எல்லாம் பெருசா ஒண்ணுமில்ல. பேட்டரியில கை வைக்காத, பெட்ரோல் டின்னுகிட்ட பீடி குடிக்காத, ஆபீசர் பேசும்போது சிரிக்காத. மொத ரெண்டும் சீக்கிரமா வந்திருச்சு.

ஆபீசர் பேரு சாமுவேல் சார். பாளையங்கோட்டைப் பக்கத்து வேதக்காரரு. ஒல்லியா, உசரமா, வெயில்லயும் கோட்டுப் பட்டன் போட்டிருப்பாரு. ஒரே ஒரு நாளத் தவிர என்னை ஒரு வார்த்தை கடுத்துப் பேசுனதில்ல. வீட்டுல இருந்து எலுமிச்சைச் சோறு கொண்டாருவாரு. தான் வாயில வைக்கும் முன்ன எனக்கும் டிரைவர் ராமராசுவுக்கும் பங்கு பிரிச்சு இலையில வச்சிட்டுத்தான் ஜெபம் பண்ணுவாரு. நாங்க ஜெபம் முடியிற வரைக்கும் காத்திருக்கிற சாதி இல்ல. கண்ணத் தொறக்கையில எங்க இலை காலியா இருக்கும். அதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

அவரு சேதி தயார் பண்றதப் பாக்கணுமே. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேசனுக்கு ஒரு கவர் வரும், முழுக்க இங்கிலீசு. சார் வேனோட பின் படியில முட்டி ரெண்டையும் ஒட்ட வச்சு உக்காந்து, மடியில ஒரு பலகைய வச்சுக்குவாரு. மொதத் தடவை சும்மா வாசிப்பாரு. ரெண்டாம் தடவை செவப்புப் பென்சில் வரும். தோல்வி, ஓட்டம், பஞ்சம், கைதி, இந்த மாதிரி வார்த்தைய எல்லாம் சுத்திச் சுத்திக் கோடு போடுவாரு. அதுக்குப் பதிலா வேற வார்த்தை தேடுவாரு. அப்பிடித் தேடும்போது கண்ணாடியக் கழட்டிக் கைக்குட்டையில தொடைப்பாரு. சார் கண்ணாடி தொடைச்சா எங்கயோ ஒரு ஊரு நம்ம கையவிட்டுப் போயிருச்சுன்னு எனக்கும் ராமராசுவுக்கும் தெரிஞ்சிரும்.

எல்லாம் எழுதி முடிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுவாரு.

“உனக்குப் புரிகிறதா மாடசாமி?”

“புரியுது சார்.”

“அப்படியானால் இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும்.”

திருத்துவாரு. மறுபடியும் வாசிப்பாரு. “இப்போது?” “ஒரு எழவும் புரியல சார்.” உடனே அடியில கையெழுத்துப் போட்டுருவாரு. என் அறிவுக்குன்னு கவர்மெண்ட்டு சம்பளம் குடுத்தது அந்த ஒரு வேலைக்குத்தான்.

ஒருக்கா ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரடிப் பக்கம் வேன நிப்பாட்டி, “மண்ணெண்ணெய்க்குப் பற்றாக்குறை ஏதுமில்லை, வினியோகம் சீரமைக்கப்பட்டு வருகிறது”ன்னு சார் வாசிச்சாரு. கூட்டத்துல ஒரு அக்கா, “அப்பிடியா சார், அத எங்க வீட்டு வெளக்குகிட்ட வந்து கொஞ்சம் சொல்லுங்க, அது நம்ப மாட்டேங்குது”ன்னா. ஊரே சிரிச்சுச்சு. சாரும் சிரிச்சாரு. ஆனா வாசிக்கிறத நிறுத்தல.

சார் வாசிச்சு முடிச்சதும் நான் கிராமபோன்ல பிளேட்டைப் போட்டுட்டு வயரைச் சுருட்டுவேன். அப்பத்தான் நெசமான கூட்டம் ஆரம்பிக்கும். “ஏலே குழாயி, இன்னைக்கு என்னலே சொன்னாரு?”ன்னு என்னைச் சுத்தி நிப்பாக. நான் அர்த்தம் சொல்லுவேன். ‘நமது படைகள் முன்பே திட்டமிட்டபடி வேறு இடத்துக்கு நகர்ந்தன’ன்னா ஓடிட்டானுவ. ‘எதிரிக்குக் கடும் சேதம்’னா நமக்கு அதவிடக் கடும். ‘நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது’ன்னா யாரு கட்டுப்பாட்டுலன்னு மட்டும் கேட்டுராத. இதக் கேக்கதுக்குன்னே சனம் காத்துக் கெடக்கும். குழாய் அகராதின்னு அதுக்குப் பேரே வச்சிட்டாக. கையெழுத்துப் போடத் தெரியாதவன் அகராதி போட்ட ஊரு வேற எங்க இருக்கு?

அந்த அகராதியில என்னவிடக் கெட்டிக்காரரு ஒருத்தரு உண்டு. சுந்தரபாண்டியத்து முத்திருளப்பன் அண்ணாச்சி. கமலைத் தண்ணியில வெள்ளாமை பண்றவரு. அவரு மகன் சுப்பையா பட்டாளத்துல சேந்து சிங்கப்பூர்ப் பக்கம் போயிருந்தான். வேன் வர்ற அன்னைக்கு அண்ணாச்சி முன் வரிசையில துண்ட விரிச்சு உக்காந்திருவாரு. சார் ஒரு வரிய வாசிச்சு மூச்சு விடுறதுக்குள்ள, “ஓடிட்டானுவ!”ன்னு கத்துவாரு.

ஒரு நாள் சாரையே மடக்கினாரு. “ஏன் சார், பொய் சொல்லப்படாதுன்னு உங்க வேதத்துல இருக்காமே?”

“நான் பொய் சொல்வதில்லை ஐயா. சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறேன்.”

“எங்க வீட்டுப் பால்காரனும் அப்பிடித்தான் சார். தண்ணி ஊத்துனதச் சொல்லாம விடுதான்.”

சாரு காதெல்லாம் செவந்துபோச்சு. ஆனா வேனுக்குள்ள ஏறி உக்காந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. நான் பாத்தேன்.

அதுக்குப் பொறவு ஒரு சாயங்காலம் சார் கண்ணாடியத் தொடைச்சாரு தொடைச்சாரு, தொடைச்சுக்கிட்டே இருந்தாரு. “சிங்கப்பூரில் நமது படைகள் மேற்கொண்டு போரிடுவதை நிறுத்திக்கொண்டன”ன்னு வாசிச்சாரு. முத்திருளப்பன் அண்ணாச்சி வாயத் தொறக்கல. துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னைக்கு நானும் யாருக்கும் அர்த்தம் சொல்லல. பொறவு ரொம்ப மாசம் அவரு கூட்டத்துக்கே வரல.

ஒரு சந்தை நாளு, ராஜபாளையத்துல வேன நிப்பாட்டிக் குழாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு சின்ன வயசுப் பொம்பளை வந்து நின்னா. காலெல்லாம் புழுதி.

“குழாய் அண்ணன் நீங்கதானா?”

“நாந்தான் தாயி. என்ன வேணும், பாட்டா?”

“அர்த்தம் வேணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவ சிரிக்கல.

“‘காணவில்லை’ன்னா உங்க அகராதியில என்ன அர்த்தம்ணே? நான் சுந்தரபாண்டியம். முத்திருளப்பன் மருமக, பேச்சி. எங்க வீட்டு அவுகளக் காணவில்லைன்னு கவர்மெண்ட்டுல இருந்து காயிதம் வந்திருக்கு.”

நான் குழாயக் கீழ வச்சேன்.

“துரைமாரு பேச்சுல காணவில்லைன்னா செத்துட்டாருன்னு அர்த்தம்னு மாமா சொல்லுதாக. குழாயிகிட்டப் படிச்சவன் நான், எனக்கா தெரியாதுங்காக. சாவுச் சடங்கு செய்யாமப் போட்டா மகன் தண்ணி தவிச்சு அலைவான்னு அழுதாக. நாளைக்குக் காலையில நாவிதரு வாராரு. எல்லாத்தையும் முடிச்சு என் தாலிய எறக்கணுமாம்.”

“நீ என்ன நெனைக்க தாயி?”

“செத்திருந்தா எறக்கிருவேண்ணே. ஒரு நாளும் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். உசுரோட இருக்கவருக்கு எப்பிடிண்ணே எறக்க? ஒருக்கா எறக்கிட்டு, பொறவு அவரு வந்து வாசல்ல நின்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க?”

  அவள வேன் நிழல்ல உக்காத்திட்டுச் சார்கிட்டப் போனேன். முழுசாச் சொன்னேன். சார் பென்சிலக் கீழ வச்சாரு.

“இது குறித்து உரிய இடத்தில் விசாரித்து, உரிய நேரத்தில்…”

“சார், எனக்குப் புரியல.”

பழக்கத்துல அவரு கை கையெழுத்துப் போடப் போயிருச்சு. போயி, நின்னுச்சு.

“இந்தத் தடவை புரியணும் சார். செத்துட்டானா, இல்லையா?”

சார் அந்தப் பொண்ணு உக்காந்திருக்கிற பக்கம் பாத்தாரு. “எனக்குத் தெரியாது மாடசாமி. பிடிபட்டவர்கள் யார் யார் என்று எதிரி இன்னும் சொல்லவில்லை. ஒருவருக்கும் தெரியாது.”

“அத வந்து அவுக வீட்டுல சொல்லிருங்க சார்.”

“சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. அரசாங்கத்துக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று சொல்லவா நம்மை அனுப்பியிருக்கிறார்கள்? ‘பிடிபட்டார்கள்’ என்ற வார்த்தையே கூடாது.”

நான் பேச்சிகிட்டப் போயி, “நாளைக்குக் காலையில நான் வாரேன் தாயி”ன்னு மட்டும் சொல்லி அனுப்பி வச்சேன். வந்து என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியாது.

மறுநாள் விடியவும் பஸ்ஸுக்குப் போனா, எனக்கு முன்னால சார் குடையோட நிக்காரு. வேனுக்குப் பெட்ரோல் அளந்துதான் குடுப்பாக, சொந்தக் காரியத்துக்குத் தொட முடியாது. அதனால கரி பஸ்ஸு. அந்தக் காலத்துல பெட்ரோல் இல்லாம பஸ்ஸுக்குப் பின்னால அடுப்பு மாட்டி, கரியப் போட்டு ஓட்டுவாக. மேடு வந்தா பஸ்ஸு நின்னுரும், சனம் எறங்கித் தள்ளணும். சாரும் எறங்குனாரு. குடைக் கம்பியச் சட்டைக் காலர்ல பின்னால மாட்டிக்கிட்டு, கோட்டெல்லாம் கரியாகத் தள்ளுனாரு. “எழுதிக் குடுத்து மேல அனுப்புவமா சார்?”ன்னேன். “பேசாமல் தள்ளு”ன்னாரு. அவரு என்னை அதட்டுனது வாழ்க்கையில அது ஒண்ணுதான்.

அண்ணாச்சி வீட்டு முத்தத்துல சனம் கூடிருச்சு. நாவிதரு ஒரு ஓரமா உக்காந்திருக்காரு. பேச்சியக் குளிக்க வச்சு, பூ வச்சு, நடுவுல உக்காத்தியிருக்காக. அண்ணாச்சி எங்களப் பாத்ததும், “வாங்க சார். வாலே குழாயி. சாவுக்குத் துட்டி கேக்க வந்தீகளா?”ன்னாரு. கண்ணு ரெண்டும் கொவ்வைப்பழமா இருந்துச்சு.

சார் முன்னுக்கு நடந்துபோயித் தொண்டையச் செருமினாரு. எத்தனை வருசப் பழக்கம்! “தங்கள் மகன் குறித்துத் தற்சமயம் உறுதியான தகவல் ஏதும் கிடைக்கப்பெறவில்லை என்பதை…”

“கேட்டீகளா?” அண்ணாச்சி கூட்டத்தப் பாத்துத் திரும்புனாரு. “செத்துட்டாங்கிறத எம்புட்டு அழகாச் சொல்லுதாரு பாருங்க.” சொல்லிட்டு அழுதாரு. பொம்பளையெல்லாம் ஒப்பாரிய ஆரம்பிச்சிட்டாக.

நான் குறுக்க விழுந்தேன். “அண்ணாச்சி, அப்பிடி இல்ல. அவருக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது!”ன்னேன்.

சிரிச்சுட்டாக. சாவு வீட்டுல, அழுதுக்கிட்டு இருந்த சனம், என் கொரலக் கேட்டதும் சிரிச்சுட்டாக. ஆபீசருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொன்னா அது வேற என்னவா இருக்கும்? ஊரு ஊராச் சிரிக்க வச்சுப் பேரு வாங்குன வாயி. அன்னைக்கு அத என்ன செய்யிறதுன்னு தெரியாம நின்னேன்.

அப்பச் சார் மண்ணுல உக்காந்தாரு. கோட்டோட, அண்ணாச்சிக்கு எதிர்ல, முட்டிக்கு முட்டி. கைக்குட்டைய எடுக்கல. எங்களப்போலவே பேசுனாரு. அவருக்கு அப்பிடிப் பேச வரும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“ஐயா, சிங்கப்பூர்ல நாம தோத்துட்டோம். நம்ம ஆளுக ஆயிரக்கணக்குல சப்பான்காரன்கிட்டப் பிடிபட்டுட்டாக. உங்க மகன் அதுல இருக்கானா, செத்துட்டானா, எனக்குத் தெரியாது. எனக்கு மேல இருக்கிறவருக்கும் தெரியாது. கலெக்டருக்குத் தெரியாது. டில்லியில இருக்கிற துரைக்கும் தெரியாது. தெரிஞ்சு மறைக்கல. தெரியல.”

ஒப்பாரி நின்னு போச்சு. அண்ணாச்சி சாரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. எங்கயாவது ஒரு மடிப்புக்குள்ள அர்த்தம் ஒளிஞ்சிருக்கான்னு தேடுற மாதிரி. பொறவு என் பக்கம் திரும்புனாரு.

“ஏலே மாடசாமி, இதுக்கு என்னலே அர்த்தம்?”

“இதுக்கு அர்த்தம் கெடையாது அண்ணாச்சி. அவரு சொன்னதுதான்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கல.

பேச்சி எந்திரிச்சா. நேரா நாவிதருகிட்டப் போனா. “அண்ணே, உங்களுக்கு உண்டானத வாங்கிக்கிட்டுப் போயிட்டு வாங்க. அவுக செத்தது தெரிஞ்சா நானே வந்து உங்களக் கூப்பிடுதேன்”ன்னா. அண்ணாச்சி சம்சாரம், “ஏட்டி!”ன்னு கூப்பாடு போட்டா. அண்ணாச்சி கைய நீட்டி அமத்துனாரு. “விடு. தெரியாதுன்னு கவர்மெண்ட்டே வந்து மண்ணுல உக்காந்து சொல்லுது. நாம என்ன தெரிஞ்சுக்கிட்டுச் சடங்கு செய்ய?”ன்னாரு.

இந்தச் சேதி எப்படியோ மேல போயிருச்சு. சாரைக் கடப்பைப் பக்கம் தூக்கி அடிச்சாக. ‘நிர்வாக வசதியை முன்னிட்டு’ன்னு உத்தரவுல இருந்துச்சாம். சாரே எனக்கு வாசிச்சுக் காட்டி, “புரிகிறதா மாடசாமி?”ன்னாரு. “நல்லாப் புரியுது சார்”னு சொல்லி நான் அழுதுட்டேன்.

அதுக்குப் பொறவு நான் யாருக்கும் அர்த்தம் சொல்லல. கேட்டா, “எனக்குப் பிளேட்டுப் போட மட்டுந்தான் தெரியும்”பேன். பேச்சி வயக்காட்டுல வேலை பாத்தா. மஞ்சக் கயித்த நல்ல நாளு பெரிய நாளுக்கு மாத்திக் கட்டிக்கிட்டா. சண்டை முடிஞ்சுச்சு. பிடிபட்டிருந்தவுக ஒவ்வொருத்தரா, எலும்பும் தோலுமா ஊரு திரும்புனாக. சுப்பையா வரல. பொறவு ஒரு காயிதம் வந்துச்சு, இறந்துட்டாருன்னு.

இப்ப வீட்டுல ஒருத்தரும் அத நம்பல. “அன்னைக்குக் காணோம்னான், இன்னைக்குச் செத்தாம்ங்கான், அவனுக்கு என்ன தெரியும்?”னு அண்ணாச்சி காயிதத்தத் தூக்கி எறிஞ்சாரு.  ராத்திரிக்குச் சோத்துல ஒரு ஆளுக்குக் கூடப் போட்டு வடிக்கிறத மட்டும் பேச்சி நிறுத்தல. சின்ன வயசுப் பொண்ணு. இப்பிடியே கெழவியாயிருவாளோன்னு எனக்குப் பயமாயிருச்சு. ஒரு வாத்தியாரப் பிடிச்சு, கடப்பைக்குச் சாருக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னேன்.

பதிலே வரல. சாருதான் வந்தாரு. கோட்டு பழசாகியிருந்துச்சு. சுப்பையா கூடப் பிடிபட்டிருந்த ஆளுக ரெண்டு பேரு திரும்பி வந்திருக்காகன்னு விசாரிச்சு, அவுக ஊருக்கே போயிப் பேசிட்டுத்தான் வாராரு. லீவு போட்டு, சொந்தச் செலவுல. நானும் கூடப் போனேன்.  

பேச்சி முத்தத்துல பருத்தி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. சாரப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா. அண்ணாச்சி கதவுகிட்ட நின்னாரு.

“செத்துட்டாரும்மா”ன்னாரு சார்.

நான் அண்ணாச்சியப் பாத்தேன். அவரு துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு. பேச்சி சார் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா.

“அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னவுக நீங்க”ன்னா. “இன்னைக்குத் தெரியும்ங்கீக.”

“ஆமாம்மா. கூட இருந்தவுக சொன்னாக. கேட்டுட்டுத்தான் வாரேன்.”

“அப்பச் சரி.”

ஒப்பாரி வைக்கல. பருத்தியக் கொஞ்சம் ஒதுக்கி எடம் பண்ணி, ஒரு சாக்க மடிச்சுப் போட்டா. உள்ள போயி ஒரு செம்பு மோரக் கொண்டாந்து சாரு கையில குடுத்தா. 

“உக்காருங்க சார். அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக. குடிச்சிட்டு, அவுக எப்பிடிச் செத்தாகன்னு சொல்லுங்க. ஒண்ணையும் விடாமச் சொல்லுங்க.”

சார் மோரக் குடிச்சிட்டு, ஒண்ணையும் விடாமச் சொன்னாரு.